ஒரே தரவுக்கு இரண்டு விடைகள்: இணைப்புத் தரவைச் சரிபார்க்கும் தரநிலை வரைவுக்குக் கருத்துரைப்பது பற்றி

ஒரு நூற்பட்டியலைத் தரவாக எழுதி வைத்திருக்கிறோம். எந்த நூலுக்கும் பக்க எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதியும் எழுதுகிறோம். ஒரு நூலுக்கு மட்டும், இரு வேறு மூலங்களை ஒன்றாகச் சேர்த்தபோது, 96 என்றும் 096 என்றும் இரண்டு மதிப்புகள் வந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டுக்கும் முழு எண் என்றே தரவு வகை குறிக்கப்பட்டுள்ளது. எண்ணாகப் பார்த்தால் அவை ஒன்று, எழுதிய விதத்தைப் பார்த்தால் இரண்டு. விதி மீறப்பட்டதா, இல்லையா? கோப்பை உள்ளபடியே படிக்கும் சரிபார்ப்புக் கருவி மீறல் என்று சொல்லும். எண்களை உள்ளே வாங்கும்போதே முன்னால் உள்ள சுழியத்தை உதறிவிட்டுச் சேமிக்கும் தரவுக் கிடங்கு ஒன்றின் மேல் அதே கருவியை ஓட்டினால், எல்லாம் சரி என்று சொல்லும். இரண்டு விடைக்கும் பின்னால் இருப்பவர்கள் நேர்மையாகவே நிரல் எழுதியவர்கள்.

தரநிலை என்று ஒன்றை எழுதுவதே இப்படி நேராமல் இருப்பதற்காகத்தான். ஆகவே சரிபார்ப்புக்கான தரநிலை ஒன்று இன்னும் வரைவாக இருக்கும் காலத்தில் அதைப் படித்துக் கருத்துச் சொல்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, நேர்மையான இருவர் அதே பத்தியைப் படித்துவிட்டு இருவேறு விடைக்குப் போய்ச் சேரும் இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டுவதே என்பது என் கருத்து. புதிய வசதி வேண்டும் என்று கேட்பதும், சொற்றொடரைச் செப்பனிடுவதும் அதற்கு அடுத்தபடியாக வருபவை. இதை விளக்குவதற்கு, வலையில் ஒன்றோடொன்று இணையும்படி வெளியிடப்படும் தரவான இணைப்புத் தரவுக்கு, ஷாக்கிள் என்னும் சரிபார்ப்பு மொழி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

டபிள்யூ3சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, ஆர்டிஎஃப் என்னும் தரவு மாதிரியை 1999இல் பரிந்துரையாக, அதாவது தன் இறுதித் தரநிலையாக, வெளியிட்டது, 2004இல் திருத்தியது, 1.1 பதிப்பு 2014இல் வந்தது. எழுவாய், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்புகள் கொண்ட கூற்று ஒன்றை மும்மை என்போம். ஆர்டிஎஃப் தரவு முழுவதும் இத்தகைய மும்மைகளின் தொகுதிதான். பொருள்களுக்கு வலை முகவரி கொடுங்கள், அந்த முகவரியில் பயனுள்ள தகவலை வையுங்கள், பிறர் தரவோடு இணையுங்கள் என்ற போக்கில் டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய நான்கு விதிகளுக்குப் பிறகு, இணைப்புத் தரவு என்ற பெயர் பரவலானது. யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் சொல்லலாம், யாரோ சொல்லாமல் விட்டதை இன்னொருவர் நாளை சொல்லலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அடித்தளம். இதைத் திறந்த உலகக் கொள்கை என்பார்கள்: தரவில் ஒன்று இல்லை என்பதற்கு, அது பொய் என்று பொருளில்லை, இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

இந்தக் கொள்கை அறிவைத் திரட்டுவதற்கு அருமையானது. படிவத்தைச் சரிபார்ப்பதற்குத்தான் அது ஒத்துவராது. எந்தெந்த வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று எழுத 2004இல் வந்த ஓடபிள்யூஎல் என்னும் கருத்தியல் மொழியில், ஒருவருக்குப் பிறந்த ஊர் ஒன்றுதான் என்று எழுதிவிட்டு, தரவில் அவருக்கு இரண்டு ஊர்களை வைத்தால், பிழை என்று அது சொல்லாது. அந்த இரண்டு பெயர்களும் ஒரே ஊரின் பெயர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டும். இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்று நாம் தனியே சொல்லியிருந்தால்தான் முரண் என்ற பேச்சே எழும். ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதி, ஒருவருக்குப் பெயரே இல்லாமல் விட்டாலும் அது கவலைப்படாது. பெயர் எங்கோ இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தர்க்கப்படி இதில் குறை ஏதும் இல்லை. ஆனால் மாலைக்குள் தரவை அனுப்ப வேண்டியவருக்கு, விடுபட்ட பெயர் விடுபட்டது என்று சொல்லும் கருவிதான் தேவைப்படுகிறது.

அந்தத் தேவையைப் பலர் தத்தம் வழியில் நிறைவேற்றிக்கொண்டார்கள். ஆர்டிஎஃப் தரவில் தேடி எடுப்பதற்கான ஸ்பார்க்கில் வினவல் மொழி 2008இலும் அதன் 1.1 பதிப்பு 2013இலும் பரிந்துரையானபின், மீறல்களைத் தேடும் வினவல்களை எழுதி வைத்துக்கொண்டு ஓட்டுவது வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்திய ஸ்பின் என்னும் முன்மொழிவு 2011இல் டபிள்யூ3சி-க்கு அளிக்கப்பட்டது. 2013 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடந்தது. அடுத்த ஆண்டு பணிக்குழு அமைந்தது. குழுவுக்குள் வந்தவர்கள் ஒரே மனநிலையோடு வரவில்லை. ஸ்பார்க்கில் வினவலை அடிப்படையாக வைத்து, தரவின் வகுப்புகளோடு விதிகளை ஒட்டிவைத்துப் பழகியவர்கள் ஒரு பக்கம். நிரல்மொழி இலக்கணம் போல வடிவங்களைத் தனியே எழுதி, தரவு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஷெக்ஸ் மொழியைக் கொண்டுவந்தவர்கள் இன்னொரு பக்கம். இருவரையும் ஒரே மொழியில் சேர்க்கும் முயற்சி முழுதாகக் கைகூடவில்லை. குழு உருவாக்கிய சரிபார்ப்பு மொழியாக 2015 அக்டோபரில் முதல் பொது வரைவில் வெளிவந்த ஷாக்கிள், 2017 ஜூலை 20 அன்று பரிந்துரையாயிற்று. ஷெக்ஸ் ஒரு சமூகக் குழுவின் அறிக்கையாகத் தனி வழியில் தொடர்ந்தது. ஷாக்கிள் என்ற சுருக்கப் பெயரை உச்சரித்தால் ஆங்கிலத்தில் விலங்கு மாட்டுவது நினைவுக்கு வரும். திறந்த உலகத்தைக் கொஞ்சம் கட்டிப்போடும் மொழிக்கு அது பொருத்தமான பெயர்தான்.

மொழியின் அமைப்பு எளிது. வடிவம் என்ற ஒன்றை எழுதுகிறோம். அது தரவில் வரும் எந்த முனைகளுக்கு, அதாவது எந்தப் பொருள்களுக்கு, பொருந்தும் என்று இலக்கைக் குறிக்கிறோம். அந்த முனைகளின் பண்புகளுக்குக் கட்டுப்பாடுகளை விதிக்கிறோம்: குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை, எந்தத் தரவு வகை, எந்த வகுப்பு, எந்த எழுத்துக் கோவை. கருவி ஒரு அறிக்கை தருகிறது. இணங்குகிறதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒரு விடையும், மீறல் ஒவ்வொன்றுக்கும் எந்த முனை, எந்தப் பண்பு, எந்த மதிப்பு, எந்தக் கட்டுப்பாடு என்ற விவரமும் அதில் இருக்கும். அறிக்கையும் ஆர்டிஎஃப் தரவாகவே இருப்பது இந்த மொழியின் சிறப்புகளுள் ஒன்று. கருத்துரைப்பவருக்கு அதனால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வரைவைப் படிக்கும்போது எங்கே உற்றுப் பார்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது, எதுவும் நடக்காதபோது என்ன நடக்கிறது என்பதை. ஒரு வடிவத்தின் இலக்கு நூல் என்னும் வகுப்பு. தரவில் அந்த வகுப்பைச் சேர்ந்த முனை ஒன்றுகூட இல்லை. சரிபார்க்க எதுவும் இல்லாததால் மீறலும் இல்லை. மீறல் இல்லாததால் அறிக்கை இணங்குகிறது என்று வரும். தர்க்கத்துக்கு இது குற்றமில்லாத விடை. நடைமுறையில் என்ன ஆகும் என்பதை நானே பட்டு அறிந்திருக்கிறேன்: விதிக் கோப்பில் வகுப்பின் முகவரியை எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி எழுதிவிட்டேன், தரவில் அது எச்டிடிபி என்று இருந்தது. ஒரே ஓர் எழுத்து. பல நாள்கள் ஒவ்வொரு காலையும் இணங்குகிறது என்ற விடை வந்துகொண்டே இருந்தது, நானும் மகிழ்ந்துகொண்டே இருந்தேன். ஒரு பிழையை வேண்டுமென்றே உள்ளே போட்டுப் பார்த்தபோதுதான் கருவி எதையுமே தொடவில்லை என்று தெரிந்தது. எத்தனை முனைகள் சோதிக்கப்பட்டன என்று சொல்லும் கடமை 2017 ஆவணத்தின் அறிக்கை வடிவத்தில் இல்லை. வரைவு நிலையில் இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் விதி எழுதிப் பிழைப்பவர்கள்தான். மொழியை வடிவமைப்பவர்களுக்கு இது கண்ணில் படுவது கடினம், ஏனென்றால் அவர்களுடைய சோதனைகளில் இலக்கு எப்போதும் இருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிக்கல் துணை வகுப்பு. கட்டுரைத் தொகுப்பு என்பது நூலின் துணை வகுப்பு என்று எங்கோ ஒரு கருத்தியல் கோப்பில் எழுதியிருக்கிறது. தரவில் ஒரு முனை கட்டுரைத் தொகுப்பு என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. நூலை இலக்காகக் கொண்ட வடிவம் அதற்குப் பொருந்துமா? ஷாக்கிள் துணை வகுப்பு உறவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த உறவைச் சொல்லும் மும்மை, சரிபார்க்கப்படும் தரவுக்குள்ளேயே இருக்க வேண்டும். கருத்தியல் கோப்பைத் தரவோடு சேர்த்து ஏற்றியவருக்கு ஒரு விடை, ஏற்றாதவருக்கு வேறு விடை. இங்கே ஆவணம் தெளிவாகவே பேசுகிறது, குழப்பம் படிப்பவரிடம்தான். இந்த வேறுபாட்டைக் கருத்துரைப்பவர் உணர்ந்திருக்க வேண்டும்: ஆவணம் சொல்லாமல் விட்டது ஒன்று, சொல்லியும் எளிதில் கண்ணில் படாத இடத்தில் வைத்தது இன்னொன்று. முன்னதற்கு விதி தேவை. பின்னதற்கு ஓர் எடுத்துக்காட்டும் இரண்டு வரி விளக்கமும் போதும். ஒன்றை மற்றொன்றாக எழுதி அனுப்பினால் குழுவின் நேரமும் நம் நேரமும் வீண்.

சமம் என்ற சொல் வரும் இடமெல்லாம் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம். தொடக்கத்தில் சொன்ன 96, 096 இரண்டும் ஆர்டிஎஃப் 1.1இன் வரையறைப்படி வெவ்வேறு உறுப்புகள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் உறுப்புகள் சமம். மதிப்பு 96ஆக இருக்க வேண்டும் என்று குறிப்பிட்ட மதிப்பைக் கேட்கும் கட்டுப்பாடு, இந்த உறுப்புச் சமத்தையே பார்க்கிறது. எனவே 096 அதில் தோற்கும். 96க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடோ ஸ்பார்க்கிலின் ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறது. அதில் 096 தேறும். ஒரே மொழிக்குள், ஒரே மதிப்பைப் பற்றி, இரண்டு வகைச் சமம். தரவு வகையிலும் இப்படித்தான்: பதின்ம எண் என்று விதித்த இடத்தில் 5 என்று வெறுமனே எழுதினால், ஆர்டிஎஃப் தரவைக் கோப்பில் எழுதும் டர்ட்டில் எழுத்துமுறை அதை முழு எண்ணாகப் படிக்கும், முழு எண்கள் எல்லாம் பதின்ம எண்களே என்ற கணித உண்மை அங்கே உதவாது, வகையின் முகவரி அப்படியே ஒத்திருக்க வேண்டும். விலைப்பட்டியலில் 5.0 தேறி 5 மீறலாவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒப்பிடவே முடியாத மதிப்புகள் வந்தால் என்ன செய்வது என்பதில் ஷாக்கிள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. வயது 18க்குக் குறையக் கூடாது என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்துச் சரம் இருந்தால், வெறும் ஸ்பார்க்கில் வினவலில் அந்த ஒப்பீடு பிழையாகி, அந்த வரி சத்தமில்லாமல் விடுபட்டுவிடும்; மீறலைத் தேடும் வினவல் எதையும் கண்டுபிடிக்காது. ஷாக்கிள் ஆவணம், ஒப்பீடு உண்மை என்று வராத ஒவ்வொரு மதிப்பும் மீறலே என்று வரையறுத்து, இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. ஒரு வரைவில் இத்தகைய வாக்கியத்தைக் கண்டால், நன்றாக இருக்கிறது, மாற்றாதீர்கள் என்றும் எழுதி அனுப்பலாம். அடுத்த வரைவில் யாரோ வேறொரு காரணத்துக்காக அதைத் தொடும்போது, குழுவின் கையில் அதைக் காக்க ஒரு சான்று இருக்கும்.

எழுத்துக் கோவைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, கோவை விதி, அதாவது சரத்தில் எழுத்துகள் எந்த அமைப்பில் வர வேண்டும் என்ற விதி. ஷாக்கிளில் அது ஸ்பார்க்கிலின் ஒழுங்குக் கோவையைப் பின்பற்றுவதால், சரத்தின் ஏதோ ஒரு பகுதி பொருந்தினாலே போதும். முழுச் சரமும் பொருந்த வேண்டுமென்றால் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட வேண்டும். எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து வருபவர்களுக்கு முழுச் சரமும் பொருந்துவதே பழக்கம். நான்கு இலக்கம் என்று எழுதிவிட்டு ஏழு இலக்கத்தை அனுமதித்துக்கொண்டிருப்பார்கள்.

மற்றொன்று நீளம்; இதைத் தமிழ் தெரிந்தவர் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள் என்று தோன்றுகிறது. அதிகபட்ச நீளம் 3 என்று ஒரு விதி. மதிப்பு: தமிழ். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கருவி எண்ணுவதோ யூனிகோடு குறியெண்களை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆக ஐந்து. மதிப்பு விதியை மீறுகிறது. இன்னும் ஒரு படி போகலாம். கொ என்ற எழுத்தை, க என்பதோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடின் இயல்பாக்க முறைகளில் சி வடிவம் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும்; அந்த வடிவத்தில் சரங்கள் இருப்பது நல்லது என்று ஆர்டிஎஃப் 1.1 பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. விளைவு: ஒரே சொல், ஒரே விதி, தட்டச்சு செய்த விசைப்பலகை எது என்பதைப் பொறுத்து இருவேறு விடை. நீளம் என்பது குறியெண்களின் எண்ணிக்கை என்ற முடிவையே குழு வைத்துக்கொள்ளலாம், அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அதை வெளிப்படையாக எழுதி, மனிதர் எண்ணும் எழுத்து அல்ல என்று ஓர் எடுத்துக்காட்டும் தர வேண்டும் என்று கேட்பது நியாயமான கருத்து. டபிள்யூ3சி-யில் பன்மொழி ஆதரவை மதிப்பாய்வு செய்வதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. அணுகல்தன்மை, தனியுரிமை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. குறிப்பிட்ட ஒரு எழுத்துமுறையில் நாள்தோறும் தரவு எழுதுபவர் கொடுக்கும் ஐந்து வரி எடுத்துக்காட்டு அந்த மதிப்பாய்வுக்குப் பெரிய உதவி.

சொல்லாமல் விட்டதாகச் சொல்லியே விட்ட இடமும் உண்டு. ஒரு வடிவம் தன்னையே சுட்டலாமா? நம்பத்தக்கவர் என்பவர் நம்பத்தக்கவர்களை மட்டுமே அறிந்தவர் என்று ஒரு வடிவம் எழுதுகிறோம். இருவர் ஒருவரையொருவர் அறிவர். வேறு யாரையும் அறியார். இருவரும் நம்பத்தக்கவர் என்று கொண்டாலும் முரணில்லை, இருவரும் அல்லர் என்று கொண்டாலும் முரணில்லை. இதில் எதிர்மறையையும் சேர்த்துவிட்டால் நிலைமை மோசம்: இந்த வடிவத்துக்குப் பொருந்தாத ஒருவரை அறிந்தவரே இதற்குப் பொருந்துவார் என்று எழுதி, தன்னை மட்டுமே அறிந்த ஒருவரைத் தரவில் வைத்தால், பொருந்துகிறார் என்றால் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றால் பொருந்துகிறார். 2017 ஆவணம், தற்சுட்டு வடிவங்களின் சரிபார்ப்பு வரையறுக்கப்படவில்லை, கருவிகளின் விருப்பத்துக்கு விடப்படுகிறது என்று எழுதி நகர்ந்துவிட்டது. அதன் பிறகு 2018 முதல் இதற்கு முறையான பொருள் வரையறைகளை ஆய்வாளர்கள் முன்வைத்து வருகிறார்கள். கட்டுப்பாடுகள் முழுவதையும் வைத்துக்கொண்டு தற்சுட்டையும் அனுமதித்தால் சரிபார்ப்பு கணக்கீட்டு நோக்கில் கடினமாகிவிடும் என்பதையும் காட்டியிருக்கிறார்கள். வரையறுக்காமல் விட்டதைக் கோழைத்தனம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தவறான விடையைத் தரநிலையாக்குவதைக் காட்டிலும் இங்கே விடை இல்லை என்று ஒப்புக்கொள்வது மேல். ஆனால் கருவிகளின் விருப்பம் என்பதற்கு ஒரு விலை இருக்கிறது: தற்சுட்டு வடிவம் உள்ள விதிக் கோப்பை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, அது என்ன பொருளில் எழுதப்பட்டது என்ற விவரம் கூடவே போவதில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மீறலுக்குத் தகவல், எச்சரிக்கை, மீறல் என்று மூன்று கடுமை நிலைகள் இருந்தாலும், வெறும் தகவல் நிலைக் குறிப்பு ஒன்று வந்தாலே 2017 பதிப்பில் ஒட்டுமொத்த விடை இணங்கவில்லை என்றாகிவிடும். மூடிய வடிவம் என்பது தன்னிடம் நேரடியாகக் குறித்த பண்புகளை மட்டுமே அறியும். வேறொரு வடிவத்தை உள்ளே அழைத்திருந்தால் அங்குள்ள பண்புகள் அதற்கு அந்நியம்.

எப்போது எழுதுவது, எப்படி எழுதுவது

டபிள்யூ3சி-யின் நடைமுறையில் ஆவணம் முதலில் பணி வரைவாகப் பலமுறை வெளிவரும், பிறகு வேட்புப் பரிந்துரை என்னும் நிலை, இறுதியில் பரிந்துரை. எந்த நிலையிலும் யாரும் கருத்துச் சொல்லலாம், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே கருத்துக்கு ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு எடை. பணி வரைவுக் காலத்தில் மொழியின் அமைப்பையே கேள்வி கேட்கலாம். வேட்பு நிலை என்பது கருவி எழுதிப் பார்க்கும் காலம். வழக்கமாக ஒவ்வொரு வசதிக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு செயலாக்கங்களாவது எதிர்பார்க்கப்படும், கருத்துக் காலம் குறைந்தது 28 நாள்கள் இருக்கும். அந்த நிலையில் பொருளை மாற்றும் திருத்தம் எதுவும் ஆவணத்தை மீண்டும் அதே படியில் ஏறச் செய்யும் என்பதால், குழு இயல்பாகவே தயங்கும். கைவிடப்படலாம் என்று முன்கூட்டியே குறித்து வைத்த வசதிகளை மட்டும் எளிதாக நீக்கலாம். ஆகவே தற்சுட்டைப் பற்றி எழுத வேண்டியவர் முதல் வரைவிலேயே எழுத வேண்டும். நீளத்துக்கு எடுத்துக்காட்டு கேட்பவர் பிந்தி வந்தாலும் இடம் கிடைக்கும்.

எழுப்பிய ஒவ்வொரு சிக்கலுக்கும் குழு முறையாக விடையளித்ததற்குச் சான்று இல்லாமல் ஆவணம் அடுத்த நிலைக்குப் போக முடியாது என்பது விதி. ஏற்க வேண்டும் என்பதில்லை. காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பலர் இதை அறியாமல், அனுப்பிய கருத்து கிணற்றில் போட்ட கல் என்று நினைத்து எழுதாமலே இருந்துவிடுகிறார்கள்.

இனி எழுதும் விதம். எடுத்துக்காட்டாக, பக்க எண்ணிக்கைச் சிக்கலை இருவர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், எண்களைக் கையாள்வதில் வரைவு போதிய தெளிவோடு இல்லை, குழு இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதுகிறார். மற்றவர் எழுதுவது இது: தரவில் ஒரே நூல், அதற்குப் பக்க எண்ணிக்கை 96, 096 என இரண்டு மும்மைகள்; வடிவத்தில் அதிகபட்சம் ஒன்று என்ற ஒரே கட்டுப்பாடு; வரைவின் இன்ன தேதிப் பதிப்பில் மதிப்பு முனைகளை வரையறுக்கும் இன்ன பிரிவின்படி நான் எதிர்பார்ப்பது ஒரு மீறல் கொண்ட அறிக்கை; ஆனால் எண்களை இயல்பாக்கிச் சேமிக்கும் கிடங்கின் மேல் ஓட்டினால் கிடைப்பது மீறல் இல்லாத அறிக்கை; இரண்டும் ஏற்கத்தக்கவையா, ஒன்று மட்டுமா என்பதை ஆவணம் சொல்ல வேண்டும். முதல் கருத்துக்குக் குழு நன்றி சொல்லலாம், வேறெதுவும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தப்பிக்க முடியாது. அறிக்கையும் ஆர்டிஎஃப் தரவே என்று முன்னர் சொன்ன வசதி இங்கேதான் உதவுகிறது: எதிர்பார்க்கும் அறிக்கையைச் சொற்களால் விவரிக்காமல், தரவாகவே எழுதி ஒட்டிவிடலாம். தரவு, வடிவம், எதிர்பார்க்கும் அறிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது, கருவிகள் தரநிலைப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பில் அப்படியே வைக்கத்தக்க ஒரு சோதனை.

எடுத்துக்காட்டைச் சுருக்குவதுதான் இதில் உழைப்பு அதிகம் கேட்பது. உண்மையான தரவில் சிக்கல் நாற்பதாயிரம் மும்மைகளுக்கு நடுவில் வெளிப்படும்; அதைப் பாதி பாதியாக வெட்டி, வெட்டிய பிறகும் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்து, மூன்று மும்மைகள் வரை கொண்டுவர வேண்டும். வெட்டிக்கொண்டே போகும்போது பாதி நேரங்களில் சிக்கல் மறைந்துவிடும். அப்போது தெரிய வருவது, பிழை வரைவில் இல்லை, நம் விதிக் கோப்பில் இருந்தது என்பது. அனுப்பாமல் விட்ட கருத்தும் குழுவுக்குச் செய்த உதவியே.

கட்டுப்படுத்தும் பகுதி எது, விளக்கப் பகுதி எது என்பதையும் பிரித்துப் படிக்க வேண்டும். தரநிலைகளில் வேண்டும், நல்லது, செய்யலாம் ஆகிய மூன்றும் அலங்காரச் சொற்கள் அல்ல. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்னும் இணைய ஆவணம் அவற்றுக்குத் தனிப் பொருள் வகுத்திருக்கிறது. ஒரு கருவி செய்தே ஆக வேண்டியதை ஆவணம் எடுத்துக்காட்டில் மட்டும் காட்டிவிட்டு விதியில் எழுதாமல் விட்டிருந்தால், அது பிழை. எடுத்துக்காட்டுக்கும் விதிக்கும் முரண் இருந்தால், கருவி எழுதுபவர்களில் பாதிப் பேர் எடுத்துக்காட்டைத்தான் பின்பற்றுவார்கள் என்பதை யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அதுவே உண்மை.

தீர்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா? சொல்லலாம், ஆனால் சிக்கலுக்குப் பிறகு, தனியாக. இன்ன பெயரில் ஒரு புதிய கட்டுப்பாடு சேர்க்க வேண்டும் என்று தொடங்கும் கருத்தில், அந்தப் பெயர் நல்ல பெயரா என்ற விவாதமே எல்லா நேரத்தையும் விழுங்கிவிடும். ஒரு கருத்தில் ஒரே சிக்கல் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்: ஐந்தைக் கோத்து அனுப்பினால், எளிய நான்கும் கடினமான ஐந்தாவதற்காகக் காத்துக் கிடக்கும்.

2025 முதல் ஷாக்கிள் 1.2 பதிப்பின் வரைவுகள் வெளிவரத் தொடங்கியுள்ளன. முன்பு ஒரே ஆவணத்தில் இருந்த மையப் பகுதியும் ஸ்பார்க்கில் நீட்டிப்பும் தனித்தனி ஆவணங்களாகப் பிரிந்திருக்கின்றன, ஆர்டிஎஃப் 1.2இல் கூற்றுகளைப் பற்றியே கூற்று எழுதும் வசதி வருவதால், அதைச் சரிபார்ப்பதும் பேசப்படுகிறது. இப்போது கருத்துரைப்பவரின் நிலை 2015இல் இருந்ததைப் போன்றதல்ல. அன்று எதையும் மாற்றலாம். இன்று 2017 பதிப்பை நம்பி எழுதிய விதிக் கோப்புகள் எங்கும் இருக்கின்றன. ஐரோப்பாவில் தரவுத் தொகுப்புகளின் விவரப் பட்டியலுக்கான டிகேட்-ஏபி விதிகளே ஷாக்கிள் வடிவங்களாக வெளியிடப்படுகின்றன. நேற்று இணங்கிய தரவு, கருவியைப் புதுப்பித்ததால் மட்டும் இன்று இணங்காமல் போனால், பழி தரநிலையின் மேல் விழாது. தரவை அனுப்பியவர் மேல் விழும். எனவே 96, 096 போன்ற சிக்கலை இன்று எழுப்புபவர், எந்த விடை சரி என்பதோடு, அந்த விடையைத் தேர்ந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கோப்புகளின் முடிவு மாறும் என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது. பழைய கருவிகள் மூன்றில் அதே மூன்று மும்மைகளை ஓட்டி, கிடைத்த மூன்று அறிக்கைகளையும் கருத்தோடு இணைத்தால் அந்தக் கணக்கைக் குழு தானே போட்டுக்கொள்ளும்.

குழு மறுத்துவிட்டால், காரணம் எழுத்தில் வரும். அந்தத் தீர்வு தமக்கு ஏற்புடையதா என்று கருத்துரைத்தவரிடம் கேட்கவும் படும். ஏற்புடையதல்ல என்று சொல்லலாம். பொருட்படுத்தத் தக்க காரணம் இருந்தால் முறையான ஆட்சேபமாகவும் பதியலாம். 2023க்குப் பிறகு அத்தகைய ஆட்சேபங்களைத் தீர்ப்பதற்கென டபிள்யூ3சி-யில் ஒரு மன்றம் கூடுகிறது. பெரும்பாலான சிக்கல்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாற்ற முடியாது, ஆனால் எடுத்துக்காட்டைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பதில் வந்தால், நான் அதை ஏற்றுக்கொண்டுவிடுவேன். அடுத்து ஒருவர் புதிய சரிபார்ப்புக் கருவியை எழுதி முதன்முறையாக அந்தத் தொகுப்பை ஓட்டும்போது, 96க்கும் 096க்கும் அவருடைய கருவி என்ன சொல்கிறது என்பது அன்றே அவருக்குத் தெரிந்துவிடும்.